மஞ்சள் பூசிய நாணல்

அந்த ஒரு வருடம் முழுவதும் என் மனைவி ரப்பர் குழாயைத் தாண்டவில்லை. வாசலில் தென்னங்கன்றுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு நான் குழாயை அப்படியே போட்டுவிட்டால், அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயின் மறுமுனை வரை போய், சுற்றிக்கொண்டு வந்து, வீட்டுக்குள் நுழைவாள். விளக்குமாறு, கயிறு, காய்ந்த முருங்கைக் குச்சி, தெருப் பிள்ளைகள் விட்டுப்போன கில்லித் தடி, எது நீளவாக்கில் கிடந்தாலும் இதே கதைதான். தலை எந்நேரமும் குனிந்திருக்கும். புதிதாகப் பார்த்தவர்கள் அடக்கமான பெண் என்று நினைத்தார்கள். அது அடக்கம் இல்லை. அவள் தன் கால்களுக்குக் காவல் இருந்தாள். அந்தக் காவலில் அவளை உட்கார வைத்தவன் நான்.

செல்போன் எங்கள் பக்கம் வந்த புதிது. ஊர் முல்லையாற்றுக் கரையில், உத்தமபாளையத்துக்கும் குச்சனூருக்கும் நடுவில். உத்தமபாளையத்தில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பேன். கை சுத்தமான வேலைக்காரன் என்று கம்பம் வரைக்கும் பெயர். வாய்தான் சுத்தமில்லை என்பார்கள். எடுத்ததற்கெல்லாம் கோபம் வரும். வாயைத் திறக்கவேண்டிய ஒரே ஓர் இடத்தில் அதே வாய் மூடிக்கொண்டது.

எங்கள் ஊர்ச் சாமி விஜயதசமி அன்று சாயங்காலம் குதிரை வாகனத்தில் கண்மாய்ப் பொட்டலுக்கு வரும். பூசாரி மூங்கில் வில்லில் ஒரே ஓர் அம்பைப் பூட்டி விடுவார். பொட்டலின் எல்லைக்கல்லுக்கு அப்பால் அம்பு விழவேண்டும். அறுபது எட்டு எடுத்துவைக்கும் தூரம்தான், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அம்பு செய்து கொடுப்பது வருடத்துக்கு ஒரு வீடு, பங்குனிப் பொங்கலில் சீட்டுப் போட்டுச் சொல்லிவிடுவார்கள். எந்தக் குச்சியில் செய்வது என்பது அந்த வீட்டின் விருப்பம். இரும்பு கூடாது, பெயிண்ட் கூடாது, கடையில் வாங்கியது கூடாது. செய்த அம்பை யாரும் தாண்டக் கூடாது. கல்லுக்கு இந்தப் பக்கமே விழுந்துவிட்டால் அதே வீடு அடுத்த வருடமும் கொண்டுவர வேண்டும். வேறு வீட்டுக்காரர்கள் அதைத் தொடமாட்டார்கள். அதுவரை அந்த வீட்டில் நல்ல காரியம் எதையும் யாரும் பேசுவதில்லை.

முதல் வருடம் சீட்டு எங்கள் வீட்டுக்கு விழுந்தது. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. நாணலைச் சித்திரை வெயிலில் வெட்டி, நிழலில் நான்கைந்து மாதம் காயப்போட வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வெட்டவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்ததும் கடையில் மோட்டார்கள் குவிந்தன, நாணல் அடியோடு மறந்தே போனது. நவராத்திரிக்குக் கொலு வைத்த வீட்டில் சுண்டல் கொடுத்தபோதுதான் ஞாபகம் வந்து, சுண்டலோடு நேரே வாய்க்காலுக்குப் போனேன். மிச்சம் எட்டு நாள்.

பச்சைத் தட்டை. வெட்டிய இடத்தில் நீர் கோத்து நின்றது. சுற்றிய காயிலைக் காயவைக்கக் கடையில் ஒரு தகரப் பெட்டி உண்டு, உள்ளே இருநூறு வாட்ஸ் பல்புகள் எரியும். நாணலை அதில் இரண்டு நாள் வைத்தேன். மேல்தோல் சுண்டி, தட்டினால் டக்டக்கென்று ஓசை கொடுத்தது. உள்ளே பச்சை அப்படியே இருந்தது. நிறமும் போகவில்லை. பூசாரி பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று மஞ்சளைக் கெட்டியாக அரைத்து முனையிலிருந்து அடிவரை பூசினேன். மனைவி கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் அம்புல சுத்துற நூல்ல மட்டுந்தான் மஞ்சத் தடவுவாக. நீங்க அம்பு முச்சூடும் பூசுறீக. இம்புட்டு பக்தியா ஒங்களுக்கு?" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிரிப்புக்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

விடுவதற்கு முன் அம்புக்கும் அபிஷேகம் உண்டு. தாம்பாளத்தில் கிடத்தி மஞ்சள் தண்ணீர், பால், பன்னீர் என்று வரிசையாக ஊற்றுவார்கள். அரைமணி நேரம் அந்த ஈரத்திலேயே கிடக்கும். நன்றாகக் காய்ந்த தட்டை அதைத் தாங்கும். என்னுடையது ஊறிப்போய், பூசாரி எடுத்தபோதே நடுவில் லேசாகத் தொய்ந்திருந்தது. வில்லிலிருந்து கிளம்பி நெளிந்தது, இரண்டாவது கணுவில் பிளந்தது, இருபது எட்டுக்குள் மண்ணில் விழுந்தது. மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

பூசாரி கோபப்படவில்லை. உடைந்ததை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் முன் நின்று கேட்டார்.

"வீட்டுல யாராச்சும் இதத் தாண்டுனாகளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெண்கள் பக்கமிருந்து அவள் குரல் வந்தது. "நாந்தான் சாமி. வாச கூட்டுறப்பக் கவனிக்காமத் தாண்டிட்டேன்."

பச்சையை வெட்டியது நான் என்று சொல்ல அந்த ஒரு நொடி போதும். ஊரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இல்லை, அதற்குள் ஊர் அவளைப் பார்க்க ஆரம்பித்திருந்தது. என் மேலிருந்து கண்கள் விலகியது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

பன்னிரண்டாம் நாள் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. ஆஸ்பத்திரியில்தான் அவள் இரண்டரை மாதம் என்பதே எங்கள் இருவருக்கும் தெரிந்தது. தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "இது எத்தனையோ பேருக்கு நடக்குதும்மா. நீங்க எதையும் செஞ்சதால இப்படி ஆகல" என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி என்னிடம் சொன்னாள்:

"பாவம், அவுகளுக்கு என்ன தெரியும்? நான் தாண்டுனத அவுக பாத்தாகளா?"

முதல் நாள் நான் பேசாதது பயத்தினால். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அது வேறாகிவிட்டது. இப்போது சொன்னால், அம்பு விழுந்ததற்கு மட்டும் நான் பொறுப்பாளி ஆகமாட்டேன். அவள் கணக்குப்படி பிள்ளை போனதற்கும் நான்தான். அந்தக் கணக்கையே நான் நம்பவில்லை. குச்சிக்கும் கருவுக்கும் என்னடா சம்பந்தம் என்று கடையில் உட்கார்ந்து எனக்குள்ளேயே கத்துவேன். ஆனால் நம்பாத கணக்கில் என் பெயர் வந்துவிடக் கூடாது என்று மட்டும் அவ்வளவு பயம். இதற்குக் கோழைத்தனம் என்பதைத் தவிர வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரே வழிதான் இருக்கிறது என்று முடிவு செய்தேன். அடுத்த விஜயதசமிக்கு அம்பு கல்லைக் கடந்து போகவேண்டும். போய்விட்டால் அவள் நிமிர்ந்து நடப்பாள், நானும் எதையும் சொல்லவேண்டியிருக்காது. ஒரு மோட்டாரைச் சரிசெய்வதைப் போல இதையும் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன்.

இந்தத் தடவை தை மாதமே இருபது நாணல் வெட்டினேன். கைவிரல் கனத்துக்கு, கோணல் இல்லாமல், கணுக்கள் தூரத் தூர இருப்பதாகப் பார்த்து எடுத்து, கட்டிப் பரணில் போட்டேன். ஆனி மாதம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. அதே வாரம் முன்னறையைக் கூட்டும்போது தரையில் மஞ்சளாக மாவு கொட்டிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். பரணில் ஏறிப் பார்த்தேன், இருபதும் உளுத்துப்போயிருந்தன. எடுத்து விரலால் அமுக்கினால் பொருபொருவென்று உதிர்ந்தன. வெட்டிய நாணலைப் பத்துப் பதினைந்து நாள் ஓடும் தண்ணீரில் போட்டு, அதன் இனிப்பு கரைந்த பிறகு காயவைக்க வேண்டுமாம். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

அவள் அழவில்லை. மாவை முறத்தில் அள்ளிக்கொண்டே, "இது எனக்குத் தெரிஞ்சதுதான்" என்றாள். அன்றிலிருந்து முன்னறைக்குள் வருவதை நிறுத்தினாள். அம்பு வேலை நடக்கும் அறை என்பதால் அதன் வாசற்படியைக் கூட மிதிக்கவில்லை. கொல்லைப்புறக் கதவுதான் அவளுக்கு வாசல். சாப்பாடு சரியாக இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு இருப்பாள், யாரோ பிடுங்க வருவதுபோல. விஜயதசமிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

குழந்தை மாசியில் நல்லபடியாகப் பிறந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் அதற்காகப் பதற வேண்டாம். நான் அந்த மூன்று மாதமும் அதற்காகத்தான் பதறினேன். பதறவேண்டிய இடம் வேறு என்று எனக்குத் தெரியவில்லை.

கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர் ஒருவன் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன். அவனிடம் புலம்பினேன்.

"ஏலே, நாணலக் கட்டிக்கிட்டு ஏண்டா அழுகுற? மலை மேல ஈத்தை மூங்கி கெடக்கு, காடு காடா. ஒரு கணுவுக்கும் மறு கணுவுக்கும் ரெண்டு முழம் ஓடும். நடுவுல கணுவே இல்லாத அம்பு செய்யலாம். சாதனம் ஒண்ணாங்கிளாஸ்" என்றான்.

சொன்னபடி பத்து ஈத்தை கொண்டுவந்து போட்டான். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அப்படியொரு நேர். கணு இல்லாததால் வழுவழுவென்று ஒரே ஓட்டமாக இருந்தது, கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை. சந்தோஷத்தில் அவனுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அது மலையின் ஈரத்தில் வளர்ந்தது. எங்கள் பள்ளத்தாக்கின் ஆடிக்காற்று அதற்குப் பழக்கமில்லை. எட்டாம் நாள் மத்தியானம் முன்னறையில் டப் என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் ஒன்று நீளவாக்கில் வெடித்திருந்தது. சாயங்காலம் இன்னொன்று. அடுத்த நான்கு நாளும் வீட்டில் அந்தச் சத்தம்தான். ஒவ்வொரு தடவையும் கொல்லையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் தொடரும். கடைசியாக அவள் குரல் மட்டும் வந்தது. "ஒம்பது ஆச்சுங்க." பத்தாவதை நானே உடைத்து வெளியில் எறிந்தேன்.

ஆண்டிபட்டிப் பக்கம் மானாவாரித் துவரை. துவரமாரில், அதாவது துவரைச் செடியின் காய்ந்த தண்டில், அம்பு செய்யலாம் என்று வாடிக்கையாளர் ஒருவர் சொன்னார். போய் ஒரு கட்டு கொண்டுவந்தேன். கெட்டியானது, உள்ளே பொந்து கிடையாது, தண்ணீரும் அவ்வளவாகக் குடிக்காது. ஆனால் நேரான துவரமாரை நான் இன்னும் பார்க்கவில்லை. கிளை வெட்டிய இடத்திலெல்லாம் ஒரு நெளிவு. நெருப்பில் காட்டி, துணியால் பிடித்து, நிமிர்த்தி நிமிர்த்தி விரல் நுனி வெந்துபோயிற்று. நிமிர்ந்தது. வாளியில் மஞ்சள் தண்ணீர் கரைத்து அரைமணி நேரம் போட்டேன். எடுத்துப் பார்த்தால் எந்தக் கோணலிலிருந்து நிமிர்த்தினேனோ அதே கோணலுக்குத் திரும்பியிருந்தது. அத்தனை குச்சியையும் முழங்காலில் வைத்து ஒடித்தேன். நான் ஒடிப்பதை ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள்.

பிறகு பனை வைரம், மரத்தின் கெட்டியான கறுப்புப் பகுதி. தண்ணீர் என்ன, எண்ணெயில் போட்டாலும் குடிக்காது. சீவி உருட்டி எடுக்க ஆறு நாள் ஆனது. சோதனைக்கு என்று நானே ஒரு மூங்கில் வில் கட்டியிருந்தேன், காலையில் கண்மாய்ப் பொட்டலுக்குப் போய் விட்டுப் பார்ப்பேன். பனை நாற்பதாவது எட்டில் மூக்கைக் குத்திக்கொண்டு விழுந்தது. அவ்வளவு கனம். மூங்கிலைப் பிளந்து சீவிப் பார்த்தேன், ஒரு பக்கம் சதைப்பற்று, மறுபக்கம் நார். தரையில் உருட்டினால் தட்டித் தட்டி ஓடியது. பருத்திமாரையும் விடவில்லை. கோபம் வந்து ஒருநாள் பழைய குடைக்கம்பியைக் கூட எடுத்துப் பார்த்தேன், இரும்பு கூடாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

இதற்குள் எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரிதான். எங்கே போனாலும் கண் குச்சியைத்தான் தேடும். துஷ்டி வீட்டுக்குப் போனால் பாடையில் கட்டியிருக்கும் மூங்கிலைப் பார்ப்பேன். எதையாவது எடுத்து ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்ப்பேன், விரல்மேல் வைத்து நிறுத்துவேன், நகத்தின்மேல் சுழற்றுவேன், சுவரில் முனையை ஊன்றி அமுக்கி எவ்வளவு வளைகிறது என்று பார்ப்பேன். கடைக்கு வந்தவர்கள் மோட்டாரை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

புரட்டாசி பிறந்தது. ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக்கு வந்து, "அம்பு ரெடியாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அன்று மத்தியானம் அந்தக் காரியத்தைச் செய்தேன். புதிதாக வெட்டிய நாணலையே மறுபடி பல்புப் பெட்டியில் காயவைத்து, வார்னிஷ் டப்பாவில் முக்கி எடுத்தேன். கண்ணாடி மாதிரி மினுங்கியது. தண்ணீரில் போட்டால் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகவில்லை. மேலே கொஞ்சம் மஞ்சளைத் தேய்த்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் சாத்தினேன். கொல்லைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"என்னங்க, வார்னிசு வாடை அடிக்குது."

"என் சட்டையில இருக்கும்."

"ஒங்க சட்ட வாடை எனக்குத் தெரியாதா?" சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "சாமிய ஏமாத்தாதீக. போன வருசம் நான் செஞ்சதுக்கே இன்னும் பதில் சொல்லிக்கிட்டிருக்கேன். நீங்களும் ஒண்ணு செஞ்சு அத என் வயித்துல கொண்டாந்து வைக்காதீக."

அங்கேயே, அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். போன வருடமே ஏமாற்றியாகிவிட்டது, அந்த மஞ்சள் பக்தியில் பூசியது இல்லை என்று. நாக்கு நுனி வரை வந்தது. அவள் வயிற்றைப் பார்த்தேன். அம்பு போகட்டும், அதற்குப் பிறகு எதற்குச் சொல்லவேண்டும் என்று விழுங்கிவிட்டேன். வார்னிஷ் போட்ட நாணலை ஒடித்து எறிய மட்டும்தான் எனக்குத் தைரியம் இருந்தது.

விஜயதசமிக்குப் பதினோரு நாள் இருந்தது. சுருளிப்பட்டி பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் மோட்டார் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். ஸ்டார்ட்டரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்தது. பந்தலுக்கு நடுவிலிருந்த காவல் குடிசைக்குள் ஓடினேன். உள்ளே தோட்டத்துக் காவல்கார அம்மா மூன்று கல்லைக் கூட்டி உலை வைத்திருந்தார். கண்ணைத் திறக்க முடியாத புகை. இருமிக்கொண்டே மேலே பார்த்தேன். ஓலைக்குக் கீழே வரிசையாக நாணல் பரப்பியிருந்தது. கறுப்பும் சிவப்பும் கலந்த நிறத்தில், எண்ணெய் பூசியதுபோல மின்னியது. ஓர் இடத்தில் ஓலை ஒழுகி, மழைத் தண்ணீர் நாணல்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு உள்ளே இறங்கவில்லை, முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"இந்தக் கூரை போட்டு எம்புட்டு வருசமாச்சு?"

"எம்மக சமைஞ்ச வருசம் போட்டது. இப்ப அவளுக்கே ரெண்டு பிள்ளைக."

"அதுல நாலு தட்ட எனக்கு வேணும்."

"கூரையப் பிரிச்சுக் குடுத்துட்டு நான் நனையவா? நல்ல ஆளப்பா நீயி."

என்ன எதற்கு என்றுகூடச் சொல்லத் தோன்றாமல் கைகூப்பினேன். என் முகத்தைப் பார்த்து அந்த அம்மாவுக்கே பயம் வந்திருக்கவேண்டும். "சரி சரி, எடுத்துக்க. தார்ப்பாய் வாங்கியாந்து போட்டுட்டுப் போ" என்றார். மழை விட்டதும் கம்பம் போய்த் தார்ப்பாய் வாங்கிவந்து மேலே கட்டினேன்.

வரும் வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டேன். மற்ற வீடுகளில் அம்புக்கு வெட்டிய நாணலை அடுப்புக்கு மேலே உத்தரத்தில் செருகி வைப்பார்கள். நான் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். இடம் இல்லாமல் வைக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். புகை ஏற ஏறத்தான் பூச்சி அண்டாது, தண்ணீர் ஏறாது. எங்கள் வீட்டில் கல்யாணத்தோடு கேஸ் அடுப்பு வந்துவிட்டது. புகையில்லாத வீடு என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டவனும் நான்தான்.

நான்கில் ஒன்று கீறியிருந்தது, ஒன்று கோணல். மிச்சம் இரண்டு. துடைத்து, நுனிக்கும் அடிக்கும் ஒரு கணு இருக்கும்படி வெட்டினேன். அடிக் கணுவுக்குச் சற்றுப் பின்னால் நாண் உட்காரப் பள்ளம் எடுத்தேன், அப்போதுதான் நாண் தெறிக்கும்போது பிளக்காது. முனைக்குப் புளிய வைரத்தைச் செதுக்கிச் செருகினேன். மஞ்சள் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டுவிட்டு வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எடுத்து உதறியதும் தண்ணீர் தெறித்துப் போயிற்று, நாணல் போட்டபடியே இருந்தது. நகத்தின்மேல் வைத்துச் சுழற்றினேன், தட்டவில்லை. மறுநாள் காலை பொட்டலில் அதில் ஒன்றை விட்டேன். கல்லைக் கடந்து எங்கோ கருவேலங்காட்டுக்குள் போய்விட்டது, தேடியும் கிடைக்கவில்லை. அன்று அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து ஒரு பாடு அழுதேன்.

மிச்சமிருந்த ஒன்றை அவளுக்குக் காட்டலாம் என்று கொல்லைப்பக்கம் எடுத்துப் போனேன். சுவரோடு ஒட்டிக்கொண்டு, "என் பக்கம் கொண்டாராதீக" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விஜயதசமி அன்று அபிஷேகம் முடிந்து பூசாரி அம்பை எடுத்து, இரண்டு முனையையும் பிடித்து வளைத்துப் பார்த்தார். போன வருடம் இதை அவர் செய்யவில்லை. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வில்லில் பூட்டினார். எனக்கு வில் தெரியவில்லை, சாமி தெரியவில்லை. பெண்கள் கூட்டத்தின் ஓரத்தில், யார் நிழலும் படாத தூரத்தில் நின்றவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாண் தெறித்தது. அவள் தலை முதல்முறையாக மேலே நிமிர்ந்து, மெதுவாக வலதுபக்கம் திரும்பி, தூரத்தில் போய் நின்றது. குலவைச் சத்தம் எழுந்தது. அம்பு கல்லைக் கடந்து, இன்னும் இருபது எட்டுத் தள்ளியே விழுந்திருந்தது.

ஆண்கள் என் தோளில் தட்டினார்கள். பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி குங்குமம் வைத்துவிட்டாள். "இந்த வருசம் ஒம் பொண்டாட்டி பக்குவமா இருந்திருக்காப்பா" என்று பெரியவர் ஒருவர் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்படியானால் போன வருடம் விழுந்ததும் அவளால்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. மூன்று மாதமாக எந்தக் குச்சி வளையும், எது வெடிக்கும் என்று பார்த்தேனே தவிர, நேராகப் போகும் அம்பு எங்கே போய்த் தைக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. வாய்க்கால் கரையில் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

"பாத்தீகளா, நான் சொன்னேன்ல. இந்த வருசம் நான் அங்கன அண்டவே இல்ல. எப்புடிப் போச்சு பாருங்க." நடந்துகொண்டே வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். எனக்கு இல்லை, உள்ளே இருப்பதற்குச் சொன்னாள். "பயப்படாத. அதக் கொன்ன மாதிரி ஒன்னையக் கொல்ல மாட்டேன்."

நான் நின்றுவிட்டேன். பேசாமல் இருந்துவிடலாம். அவள் சிரிக்கிறாள், சாப்பிடுவாள், பிள்ளை பிறக்கும். ஒரு கொலைகாரியாகத் தன்னை நினைத்துக்கொண்டே, குனிந்தபடியே, என் வீட்டில் கடைசி வரைக்கும் சமைத்துப் போடுவாள். நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். எங்கள் பக்கம் யாரும் மனைவியை அப்படி ரோட்டில் கூப்பிடுவதில்லை. அவள் திரும்பினாள்.

"போன வருசம் அது பச்சைத் தட்ட. எட்டு நாளைக்கு முன்னால வெட்டுனது. பச்சை தெரியாம இருக்கத்தான் மஞ்சளப் பூசுனேன். நீ தாண்டுனதுக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்ல."

அவள் என்னையே பார்த்தாள். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"பச்சைன்னு தெரிஞ்சேதான் குடுத்தீகளா?"

"தெரியும்."

"பூசாரி கேட்டப்ப?"

"தெரியும்."

"ஆஸ்பத்திரியிலயும்?"

நான் தலையை ஆட்டினேன். திரும்பி நடக்க ஆரம்பித்தாள். தெருமுனையில், யாரிடமோ சொல்வதுபோல, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"ஒரு வருசமா எங்காலையே பாத்துக்கிட்டு நடந்திருக்கேன்."

எங்கள் வாசலில் அந்த மூன்று மாதத்துக் குப்பை அள்ளாமல் கிடந்தது. வெடித்த ஈத்தை, ஒடித்த துவரமார், மூங்கில் பிளாச்சு, பனைச் சீவல், உளுத்த நாணல், எல்லாம் குறுக்கும் நெடுக்குமாக. அவள் கொல்லைப்பக்கம் சுற்றிப் போவாள் என்று நினைத்து நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு நேராக அதன்மேலேயே நடந்தாள். காலடியில் ஒவ்வொன்றாக மளுக் மளுக்கென்று ஒடிந்தன. குனிந்து பார்க்கவே இல்லை. முன்வாசல் வழியாக உள்ளே போனாள், விளக்கைப் போட்டாள். கதவைச் சாத்தவில்லை. என்னால்தான் உள்ளே போக முடியவில்லை.